நீலத் தாள் ஒட்டியிருக்கும்போதே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபங்களில் இரவு நிகழ்வுகளின் நேரத்தைக் கவுன்சில்கள் குறைப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் சில வாரங்களாக வரும் கடிதங்களை வாசித்து வருகிறேன். ஒரு பக்கத்தார், "எங்கள் கொண்டாட்டம் என்றால் மட்டும் கவுன்சிலுக்குக் கண்ணில் குத்துகிறது, 11 மணிக்கே பாட்டை நிறுத்தி ஆட்களை அனுப்பு என்கிறார்கள்" என்கிறார்கள். மற்றப் பக்கத்தார், "சனிக்கிழமை வந்தால் பிள்ளைகள் நித்திரை கொள்ள முடியவில்லை, கவுன்சில் என்ன செய்துகொண்டிருக்கிறது" என்று கேட்கிறார்கள். எனக்கு இரண்டு பேரோடும் ஒரே சண்டைதான். கவுன்சில் ஏதோ தன் விருப்பத்துக்கு உட்கார்ந்து முடிவெடுக்கிறது என்று இரண்டு பேருமே நம்புகிறீர்கள். லண்டனில் இவ்வளவு காலம் இருந்துவிட்டும் இது எப்படி நடக்கிறது என்று எங்களில் பலருக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் இருப்பது 2003ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டம். 2005 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் மதுபான லைசென்ஸ் நீதவான்களின் கையில் இருந்தது, அதன்பின் மது, இசை, இரவுச் சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஒரே லைசென்சாகக் கவுன்சிலின் கைக்கு வந்தது. கைக்கு வந்தது என்றவுடன் கவுன்சிலுக்குப் பெரிய அதிகாரம் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு மண்டபக்காரர் இரவு 2 மணி வரை இசைக்கும் மதுவுக்கும் விண்ணப்பம் போடுகிறார் என்று வையுங்கள். 28 நாள் அவகாசம். அந்த 28 நாளுக்குள் பொலிஸோ, சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவோ, அயலவர் யாராவதோ சட்டத்துக்கு உட்பட்ட ஆட்சேபனையை எழுத்தில் கொடுக்காவிட்டால், கவுன்சில் அந்த லைசென்சைக் கொடுத்தே ஆகவேண்டும். மறுக்கிற அதிகாரமே கிடையாது. கவுன்சிலர்கள் அந்த விண்ணப்பத்தைக் கண்ணால்கூடக் காண்பதில்லை, அதிகாரி ஒருவர் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார். பிறகு நீங்கள் ஜன்னலை மூடிக்கொண்டு கவுன்சிலைத் திட்டுவதில் என்ன பயன்?

அந்த 28 நாளும் ஒரு தாள் மண்டபத்தின் வெளியே ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். வெளிர் நீலத் தாள், ஏ4 அளவுக்குக் குறையாதது, வெளியே நின்று வாசிக்கக்கூடிய இடத்தில். என்ன கேட்கிறார்கள், எத்தனை மணி வரை, ஆட்சேபனைக்குக் கடைசித் திகதி எது என்று அதில் இருக்கும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் ஒருமுறை விளம்பரம் போடவேண்டும், கவுன்சிலின் இணையத்தளத்திலும் வரவேண்டும். அந்த ஆங்கில உள்ளூர்ப் பத்திரிகையை யார் வாங்குகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். தாளையும் எங்கள் ஆட்கள் தாண்டித்தான் போகிறார்கள். பஸ்சுக்கு ஓடுகிற அவசரத்தில் யார் நின்று வாசிக்கிறது, சரி, அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் ஒரு வீட்டின் பின்பக்கம் மூன்று அடி நீட்டிக் கட்ட அயலவர் விண்ணப்பம் போட்டால் மட்டும் எப்படியோ கண்டுபிடித்து ஆட்சேபனை எழுதிவிடுகிறோமே.

எழுதுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சட்டம் நான்கே நான்கு நோக்கங்களைத்தான் சொல்கிறது: குற்றமும் ஒழுங்கீனமும் தடுப்பது, பொதுமக்களின் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுப்பது, பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காப்பது. நீங்கள் எழுதுவது இந்த நான்கில் ஒன்றைத் தொடவேண்டும், தொடாவிட்டால் அதைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிடுவார்கள். வீட்டு விலை விழுந்துவிடும் என்று எழுதினால் கணக்கில் எடுக்கமாட்டார்கள். இந்தப் பகுதிக்கு இன்னொரு மண்டபம் தேவையில்லை என்றாலும் அப்படித்தான். குடி எங்கள் சமயத்துக்கு ஆகாது என்று எழுதினாலும் ஆகாது. (எங்கள் சமயத்துக்கு ஆகாது என்று எழுதுகிறவர்களில் சிலரை நான் அதே மண்டபத்தின் பாரில் கண்டிருக்கிறேன், அது வேறு கதை.)

நான் ஒருமுறை ஒரு லைசென்சிங் உபகுழு விசாரணையில் போய் இருந்தேன். எந்தக் கவுன்சில், எந்த மண்டபம் என்பது இங்கே தேவையில்லை. மூன்று கவுன்சிலர்கள், பக்கத்தில் ஒரு சட்ட ஆலோசகர், விண்ணப்பதாரருக்கு ஒரு வழக்கறிஞர். பொலிஸார் வரவேயில்லை, ஏனென்றால் அவர்கள் விசாரணைக்கு முன்னமே சில நிபந்தனைகளுக்கு விண்ணப்பதாரரை ஒத்துக்கொள்ளவைத்து, ஆட்சேபனையை வாபஸ் வாங்கிவிட்டார்கள். இது சாதாரணமாக நடப்பது. அயலவர் பக்கம் ஒரு கூட்டமே வந்திருந்தது. ஒருவர் எழும்பிப் பார்க்கிங் பற்றி நீளமாகப் பேசினார், தலைவர் அது திட்டமிடல் பிரிவின் வேலை என்று சொல்லி நிறுத்தினார். இன்னொருவர் வாட்ஸாப்பில் சுற்றிவிட்ட ஒரே கடிதத்தில் வீதி முழுக்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருந்தார், அதில் ஒரு திகதிகூட இல்லை. கடைசியாக ஒரு வயதான அம்மா, எங்கள் ஆள் இல்லை, ஒரு கொப்பியை விரித்து வாசிக்கத் தொடங்கினார். எந்த நாள், எத்தனை மணி, பாட்டா அல்லது வாசலில் ஆட்கள் கத்தியதா, கார் ஹோர்னா, எந்த அறைக்குள் கேட்டது, ஜன்னல் பூட்டியிருந்ததா, கவுன்சிலின் சத்த முறைப்பாட்டு இலக்கத்துக்கு அடித்தாரா, யாராவது வந்தார்களா. அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. அதற்குப் பிறகு கவுன்சிலர்கள் கேட்ட கேள்வி எல்லாம் அந்தக் கொப்பியில் இருந்துதான் வந்தது. மண்டபக்காரர் 2 மணி கேட்டு வந்தவர், நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தோடும் ஒரு நிபந்தனைப் பட்டியலோடும் வீட்டுக்குப் போனார். இதற்குக் காசு செலவில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. பல கவுன்சில்கள் இப்போது விசாரணையை ஆன்லைனிலேயே வைக்கின்றன, சமையலறையில் இருந்தபடியே பேசலாம்.

எழுதாமல் இருப்பதற்கு எங்களிடம் இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் கடிதத்தில் எழுதுவதில்லை. மண்டபக்காரர் எங்கள் ஆள். கோயிலில் சந்திக்கிறவர், மகளின் கலியாணத்துக்கு வாடகை குறைத்துத் தந்தவர், அல்லது தந்தவரின் மச்சான். ஆட்சேபனை எழுதினால் பெயரும் முகவரியும் அவருக்குப் போகும், அது உண்மைதான், யார் என்ன சொல்கிறார்கள் என்று விண்ணப்பதாரர் அறியவேண்டும் என்பது நியாயமும்கூட. பழிவாங்குவார்கள் என்ற உண்மையான பயம் இருந்தால் விவரத்தை மறைக்கச் சொல்லிக் கவுன்சிலிடம் கேட்கலாம், ஆனால் அது விதிவிலக்கு. அதைவிட நல்ல வழி உங்கள் வட்டாரக் கவுன்சிலரைப் பிடிப்பது. அவர் தன் பெயரிலேயே ஆட்சேபனை கொடுக்கலாம், நீங்கள் கேட்டால் விசாரணையில் உங்களுக்காகப் பேசவும் செய்யலாம். தேர்தல் நேரம் பொங்கல் விழாவில் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்று படம் எடுத்தவர்தானே, இதற்கும் கூப்பிடுங்கள். 2012க்கு முன் மண்டபத்துக்கு அருகில் வசிப்பவர்தான் எழுதலாம் என்று இருந்தது, இப்போது அந்தக் கட்டுப்பாடும் இல்லை. எங்கே இருந்தும் எழுதலாம், ஆனால் தொல்லை உங்களை எப்படித் தொடுகிறது என்று காட்டத் தெரியவேண்டும்.

இனி மற்றப் பக்கத்தாரிடம் வருகிறேன். நிகழ்வு வைக்கிறவர்களே, உங்களிடம்தான் எனக்குக் கூடக் கோபம், ஏனென்றால் நானும் உங்களில் ஒருவன். இசை இரவு, ஊர்ச்சங்க ஒன்றுகூடல், பழைய மாணவர் விழா என்று நானும் நிகழ்வுகளில் கதிரை அடுக்கியிருக்கிறேன்.

முதலில் இந்த 11 மணி. இது எங்களை நினைத்து யாரும் கண்டுபிடித்தது அல்ல. மதுபான லைசென்ஸ் உள்ள இடத்தில் காலை 8 மணியில் இருந்து இரவு 11 மணி வரை, 500 பேர் வரை, ஒலிபெருக்கியோடு நேரடி இசை வைக்க இசைக்கென்று தனி அனுமதி தேவையில்லை. 2012இல் நேரடி இசைச் சட்டம் வந்தபோது 200 பேர் என்று இருந்தது, 2015இல் 500 ஆக்கினார்கள். அதாவது 11 வரை இந்த நாட்டுச் சட்டம் கையை நன்றாகவே தளர்த்தியிருக்கிறது. 11 தாண்டினால்தான் கேள்வி. சூடான சாப்பாடும் அப்படித்தான். இரவு 11க்கும் காலை 5க்கும் இடையில் பொதுமக்களுக்குச் சூடான உணவோ பானமோ விற்க லைசென்ஸ் வேண்டும். டிக்கெட் விற்று நடத்துகிற இசை நிகழ்ச்சியில் பதினொன்றரைக்குக் கொத்து ரொட்டி கொத்தத் தொடங்குகிறீர்களே, அதற்கும் அனுமதி வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தகரச் சத்தத்தோடு ஊருக்கே அறிவித்துக்கொண்டு சட்டத்தை மீறுகிற ஒரே சாப்பாடு அதுவாகத்தான் இருக்கும்.

கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் வேறு. அழைத்த ஆட்கள் மட்டும் வருகிற, காசு வாங்காத தனிப்பட்ட கொண்டாட்டத்தில் பாட்டு ஆட்டம் வைப்பதற்குப் பொதுவாக இந்தச் சட்டத்தில் லைசென்ஸ் தேவையில்லை. குடியை விற்றால் தேவை. ஆனால் லைசென்ஸ் தேவையில்லை என்றால் சத்தத்துக்கும் அளவில்லை என்று அர்த்தமில்லை. 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக்கும் மண்டபத்துக்கும் கோயிலுக்கும் பொருந்தும். கோயில் என்று சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பொது வழிபாட்டு இடத்தில் நடக்கிற இசை, நடன நிகழ்வுக்கு லைசென்சிங் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. திருவிழாவில் நாதஸ்வரக் கச்சேரிக்கு இந்த லைசென்ஸ் வேண்டாம். அதே கச்சேரியைக் கோயில் நிர்வாகம் பாடசாலை மண்டபத்தில் டிக்கெட் போட்டு வைத்தால் அது சாதாரணப் பொது நிகழ்வு, விலக்கு கூடவராது. தேர் வீதிக்கு இறங்க வீதியை மூடுவது இன்னொரு அனுமதி, அது லைசென்சிங் கமிட்டிக்குச் சம்பந்தமில்லை.

இன்னொரு குழப்பம் திட்டமிடல் அனுமதி. மண்டபத்துக்கு லைசென்ஸ் 1 மணி வரை இருக்கும், ஆனால் கட்டடத்தின் திட்டமிடல் அனுமதியில் 11 மணிக்குப் பூட்டவேண்டும் என்று இருக்கும். இரண்டும் கவுன்சில்தான், ஆனால் வேறு வேறு பிரிவு. எது இறுக்கமோ அதற்குத்தான் கட்டுப்படவேண்டும். மண்டபம் எடுக்கும்போது இந்த இரண்டையும் காட்டு என்று கேட்டவர் எங்களில் யார்? மேடை அலங்காரத்தின் படத்தை மட்டும் கேட்கிறோம். முற்பணத்தைக் கொடுத்துவிட்டு, கலியாண இரவு 11 மணிக்கு மனேஜர் வந்து மின்சாரத்தை நிறுத்தும்போது கவுன்சிலின் இனவாதம் என்று உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறோம்.

ஒருநாள் நிகழ்வுக்கு இருக்கிற வழி தற்காலிக நிகழ்வு நோட்டீஸ், எல்லாரும் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து டென் (TEN) என்று சொல்வது. கட்டணம் வெறும் 21 பவுண்கள், 2005இல் இருந்து கூடவேயில்லை. (மண்டப லைசென்சின் அடிப்படை விண்ணப்பக் கட்டணமும் அப்படியே 100இல் இருந்து 635 வரைதான் நிற்கிறது. இந்தக் காசை வைத்துக்கொண்டு இரவில் எத்தனை அதிகாரிகளை அனுப்பலாம் என்று கவுன்சில்கள் புலம்புவதில் நியாயம் உண்டு.) ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள மண்டபத்தில் ஒருநாளுக்கு நேரத்தை நீட்டவும் இது உதவும். இதில் அயலவருக்கு ஆட்சேபனை உரிமையே கிடையாது, பொலிஸும் சுற்றுச்சூழல் சுகாதாரமும் மட்டும்தான், அவர்களுக்கும் மூன்று வேலை நாள்தான். நிகழ்வு வைக்கிறவருக்கு இதைவிடச் சலுகையான சட்டம் வேறு எங்கே இருக்கிறது?

ஆனால் அதையும் கெடுத்துக்கொள்கிறோம். குறைந்தது 10 வேலை நாளுக்கு முன் கொடுக்கவேண்டும். வேலை நாள் என்பது சனி ஞாயிறு, வங்கி விடுமுறை சேராதது, கொடுக்கும் நாளும் நிகழ்வு நாளும் சேராதது. எங்கள் ஆட்கள் நிகழ்வுக்கு முந்தின வாரம் நினைவு வந்து ஓடுகிறார்கள். ஐந்தில் இருந்து ஒன்பது வேலை நாளுக்குள் தாமதமாகவும் கொடுக்கலாம்தான், ஆனால் அதற்குப் பொலிஸோ சுற்றுச்சூழல் சுகாதாரமோ ஒரு ஆட்சேபனை போட்டாலே போதும், விசாரணையே இல்லை, நிகழ்வு முடிந்தது. நேரத்தோடு கொடுத்திருந்தால் விசாரணை வைத்துக் கேட்டிருப்பார்கள். பாடகரை இந்தியாவில் இருந்து கூப்பிட ஆறு மாதம் திட்டம் போடுகிறவர்களுக்கு, இந்த ஒரு படிவத்தை மூன்று வாரம் முன்னால் போட முடியவில்லை!

அப்புறம் ஆட்கணக்கு. டென்னில் ஒரே நேரத்தில் 499 பேர்தான். அதில் பார்வையாளர் மட்டுமல்ல, பாடகர், வாத்தியக்காரர், சாப்பாடு கொடுப்பவர், வாசலில் டிக்கெட் கிழிக்கிற பையன், எல்லாரும் அடக்கம். 600 டிக்கெட் விற்றுவிட்டு டென் போட்டிருக்கிறோம் என்று சொன்னால் அது போடாததற்குச் சமம். ஒரு இடத்துக்கு வருடத்தில் 15 தடவைதான் போடலாம், எல்லாம் சேர்த்து 21 நாள். கோடை காலத்திலேயே மற்றவர்கள் அதை முடித்துவிட்டிருந்தால் டிசம்பர் 31 இரவுக்கு உங்களுக்கு மிச்சம் இருக்காது. மது விற்கத் தன் பெயரில் தனிப்பட்ட லைசென்ஸ் இல்லாத ஒருவர் வருடத்துக்கு 5 தான் கொடுக்கலாம், அதில் தாமதமானவை 2. அதனால்தான் சில சங்கங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர், பிறகு பொருளாளரின் மனைவி என்று பெயர் மாறி மாறிப் போகிறது. அனுமதி இல்லாமல் நடத்தினால் தண்டப்பணத்துக்கு உச்ச வரம்பே இல்லை, ஆறு மாதம் வரை சிறையும் கொடுக்கலாம். யாரும் இதற்காகச் சிறைக்குப் போய் நான் கண்டதில்லை, ஆனால் சட்டத்தில் இருக்கிறது.

சத்தத்தைப் பற்றிப் பேசினால் எல்லாரும் டீஜேயைக் காட்டுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. பல மண்டபங்களில் சத்தம் அளவு தாண்டினால் மின்சாரத்தை வெட்டுகிற லிமிட்டர் பூட்டியிருக்கிறது. அதற்கும் வழி கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள், சமையலறைப் பிளக்கில் இருந்து வயரை இழுத்து ஸ்பீக்கருக்குக் கொடுத்ததை நானே கண்டேன். வெக்கைக்காகத் தீயணைப்புக் கதவைத் திறந்து கதிரையால் முட்டுக் கொடுப்பது இன்னும் மோசம், கதவும் ஜன்னலும் இசை நேரத்தில் பூட்டியிருக்கவேண்டும் என்பது லைசென்ஸ் நிபந்தனைகளில் அடிக்கடி வருவது. ஆனால் உண்மையில் அயலவரை எழுப்புவது பெரும்பாலும் பாட்டு நின்றபின் நடப்பதுதான். நாங்கள் விடைபெறுகிற விதம். மண்டபத்துக்குள் நாலு மணித்தியாலம் ஒன்றாக இருந்தவர்கள், வாசலுக்கு வந்தபின்தான் ஊர்க்கதை தொடங்குவார்கள். பிள்ளைகள் காருக்குள் நித்திரை, அப்பாமார் நடைபாதையில் வட்டமாக நின்று அரசியல், அம்மாமார் மிச்சச் சாப்பாட்டைப் பெட்டி பிரிக்கிறார்கள், யாரோ ஒருவர் "வெளிக்கிடுவம்" என்று ஹோர்ன் அடிக்கிறார். இதை ஒரு லிமிட்டராலும் நிறுத்த முடியாது. மண்டபத்தைச் சுற்றியுள்ள உடனடி இடத்துக்கு அப்பால் ஆட்கள் செய்வது அவரவர் பொறுப்பு என்று அரசாங்க வழிகாட்டியும் சொல்கிறது, ஆனால் வாசலும் கார்ப் பார்க்கும் மண்டபத்தின் கணக்கில்தான் விழும். வாசலில் இரண்டு தொண்டர்களை நிறுத்தி ஆட்களை நகர்த்தினால் பாதி முறைப்பாடு வராது.

மீதிப் பாதிக்கு ஒரு மருந்து இருக்கிறது, சொன்னால் அடிக்க வருவீர்கள். நேரத்துக்குத் தொடங்குங்கள். அழைப்பிதழில் 6 மணி, மண்டபத்தில் ஆள் சேர 8, மங்கல விளக்கு ஏற்ற எட்டரை, சிறப்பு விருந்தினர் மூன்று பேரின் உரை, பொன்னாடை, பத்து மணிக்குத்தான் பிள்ளைகளின் நடனம். பிறகு 11 மணி எங்களுக்குப் போதாது என்று கவுன்சிலோடு கோபம். 6 மணிக்குத் தொடங்கினால் ஐந்து மணித்தியாலம் இருக்கிறது. எந்த நிகழ்வுக்கு ஐந்து மணித்தியாலம் போதாது?

இவ்வளவும் சொன்னதால் இனவாதம் என்ற பேச்சு வெறும் கற்பனை என்று நான் சொல்வதாக எடுக்கவேண்டாம். லண்டன் மாநகரப் பொலிஸிடம் 696 என்று ஒரு படிவம் இருந்தது. 2005இல் இருந்து நிகழ்வு நடத்துபவர்களிடம் கேட்டார்கள். பாடகர்களின் பெயர், முகவரி, என்ன வகை இசை, ஒரு காலத்தில் வருகிற ஆட்கள் எந்த இனத்தவர் என்றுகூட அதில் கேள்வி இருந்தது. கறுப்பின இளைஞர்களின் இசைக்குத்தான் அது பொறியாக இருந்தது, கிரைம் (Grime, குற்றம் என்ற சொல் அல்ல, லண்டனில் பிறந்த ராப் போன்ற ஒரு இசை வகை) கலைஞர்களின் நிகழ்வுகள் அந்தப் படிவத்தைக் காட்டியே நிறுத்தப்பட்டதாகக் கலைஞர்கள் வருடக்கணக்கில் முறையிட்டார்கள். இனம் பற்றிய கேள்வி முதலில் போனது, படிவம் முழுவதும் 2017 நவம்பரில்தான் போனது. அது தானாகப் போகவில்லை. கலைஞர்களும் இசை அமைப்புகளும் விடாமல் எழுதினார்கள், பேசினார்கள், அமைச்சர் மேயருக்குக் கடிதம் போடுகிற அளவுக்கு வந்தது, மேயர் சாதிக் கான் மீள்பரிசீலனை கேட்டார். பாகுபாடு இருக்கிறது என்றால் அதையும் திகதியோடு, ஒப்பீட்டோடு எழுதவேண்டும்: பக்கத்துப் பப்புக்கு 1 மணி கொடுத்த அதே கமிட்டி எங்கள் மண்டபத்துக்கு எதற்காக 11 என்று. கமிட்டியின் அறிக்கைகளும் முடிவுகளும் கவுன்சில் இணையத்தளத்திலேயே கிடக்கின்றன, எடுத்து ஒப்பிடலாம். சமத்துவச் சட்டமும் கவுன்சிலைக் கட்டுப்படுத்துகிறது. வெறுமனே இனவாதம் என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போனால் அதை வாசிக்கிற வெள்ளைக்கார அதிகாரிக்கு வேலை சுலபம்.

முடிவு பாதகமாக வந்தாலும் அது கடைசி இல்லை. 21 நாளுக்குள் நீதவான் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம், மண்டபக்காரரும் செய்யலாம், ஆட்சேபனை எழுதிய அயலவரும் செய்யலாம். ஃபேப்ரிக் என்ற பெயர்பெற்ற இரவு விடுதியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு இளைஞர்கள் போதைப்பொருளால் இறந்தபின் 2016 செப்டம்பரில் இஸ்லிங்டன் கவுன்சில் அதன் லைசென்சைப் பறித்தது. பெரிய எதிர்ப்பு எழுந்தது, மேன்முறையீட்டுக்கு முன் நவம்பரில் இரண்டு பக்கமும் சமாதானத்துக்கு வந்தார்கள், அடையாள அட்டை ஸ்கேன் செய்வது, வயது எல்லையை உயர்த்துவது என்று கடும் நிபந்தனைகளோடு 2017 ஜனவரியில் திரும்பத் திறந்தார்கள். அந்த அளவுக்கு ஆள்பலமும் பணபலமும் ஒரு சாதாரண மண்டபத்துக்கு வராது என்பதும் உண்மை.

லைசென்ஸ் கொடுத்துமுடிந்து தொல்லை தாங்கவில்லை என்றால் ரிவ்யூ, அதாவது லைசென்சைக் கமிட்டி மீண்டும் ஆராயவேண்டும் என்று, கேட்கலாம், யாரும் கேட்கலாம், எப்போதும் கேட்கலாம், கட்டணம் இல்லை. கமிட்டி நேரத்தைக் குறைக்கலாம், நிபந்தனை கூட்டலாம், மூன்று மாதம் வரை நிறுத்திவைக்கலாம், பறிக்கவும் செய்யலாம். இதற்கும் அந்தக் கொப்பிதான் வேண்டும். ஆனால் ஒன்று, தீர்ப்பு வந்தாலும் மேன்முறையீட்டுக் காலம் முடியும் வரை, மேன்முறையீடு போட்டால் அது தீரும் வரை, பெரும்பாலும் பழைய நேரமே ஓடும். அதனால்தான் முதல் 28 நாளிலேயே எழுதுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எழுதினால் எப்போதும் வெல்லலாம் என்றும் சொல்லமாட்டேன். 2018இல் ஹாக்னி கவுன்சில் புதிய இடங்களுக்கு வாரநாளில் 11 மணி, வார இறுதியில் நள்ளிரவு என்று அடிப்படை நேரம் வைத்தபோது, கலந்தாய்வில் பதில் எழுதியவர்களில் மிகப் பெரும்பாலானோர் எதிர்த்தார்கள், ஆனாலும் கவுன்சிலர்கள் நிறைவேற்றினார்கள். ஒவ்வொரு கவுன்சிலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது இந்தக் கொள்கை அறிக்கையைப் புதுப்பிக்கவேண்டும், அதற்குமுன் பொதுமக்களின் கருத்தைக் கேட்கவும் வேண்டும். தனித்தனி மண்டபத்துக்குச் சண்டை பிடிப்பதைவிட அங்கே எழுதுவது பெரிய வேலை. கலியாண மண்டபமும் நைட்கிளப்பும் ஒன்றல்ல, குடும்பமாக வருகிற, பாதிப் பேர் குடிக்காத நிகழ்வுக்கு வேறு அளவுகோல் வையுங்கள் என்று அந்தக் கலந்தாய்வில் எங்கள் சங்கம் ஏதாவது எழுதியதா என்று நான் சில சங்கத் தலைவர்களிடம் கேட்டேன். கலந்தாய்வு நடந்ததே தெரியாது என்றார்கள்.

ஆகவே ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஹரோ, பிரெண்ட், நியூஹம், ரெட்பிரிட்ஜ், மேர்ட்டன், குரொய்டன் என்று எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற கவுன்சில்களின் இணையத்தளத்தில் புதிய லைசென்ஸ் விண்ணப்பங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. அதைப் பார்த்து இடம், கேட்கிற நேரம், ஆட்சேபனைக்குக் கடைசித் திகதி, இந்த மூன்றை மட்டும் தமிழில் ஒரு சின்னப் பெட்டியில் ஒவ்வொரு இதழிலும் போடமுடியுமா? கொள்கைக் கலந்தாய்வு வந்தால் அதையும். மண்டப விளம்பரத்துக்கு முழுப் பக்கம் கொடுக்கிறீர்கள், அதில் கால் பக்கம் போதும். விளம்பரதாரர்கள் கோபிப்பார்கள் என்றால், டென் கொடுக்கவேண்டிய கடைசி நாளையும் அதே பெட்டியில் போடுங்கள், அவர்களுக்கும் உதவும். ஆள் இல்லை என்று சொல்வீர்கள், தெரியும். இந்த ஆறு கவுன்சில்களையும் வாரம் ஒருமுறை பார்த்து எழுதித் தர நான் தயார், காசு வேண்டாம். என் தொலைபேசி இலக்கம் கடித உறையில் இருக்கிறது, அதைப் பிரசுரிக்கவேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வடமேற்கு லண்டன்